ஓட்டிவிட்ட காட்சிகள்

‘ஏலியன்’ படத்தில் வரும் முதல் தகராறு போனஸைப் பற்றியது. நாஸ்ட்ரோமோ என்ற சரக்குக் கப்பலில் ஏழு பேர் நீண்ட உறக்கத்திலிருந்து எழுகிறார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து புகைத்து, காபி குடித்து, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் பகுதியில் வேலை பார்க்கும் பார்க்கர், ஊர் போய்ச் சேர்வதற்கு முன்னால் போனஸ் விஷயத்தைப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்கிறான். கூட வேலை செய்யும் பிரெட் ஆமாம் போடுகிறான். மற்றவர்களுக்கு முழுப் பங்கு, தங்கள் இருவருக்கு மட்டும் குறைவு என்பது அவர்களுடைய மனக்குறை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது கிடைக்கும் என்று கேப்டன் டாலஸ் பேச்சை முடித்துவிடுகிறான். படத்துக்குப் பெயர் தந்த உயிரினம் திரைக்கு வர இன்னும் வெகுநேரம் இருக்கிறது.

இளமையில் இந்தப் படத்தைப் பார்த்தபோது இந்தக் காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்தில் வீடியோ டெக்கும் கலர் டி.வி.யும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். தெருவே காசு போடும். பெரியவர்களுக்காக முதலில் ஒரு பழைய படம், அடுத்து ஒரு புதுப் படம், பெண்களும் பிள்ளைகளும் பாயில் சாய்ந்த பிறகு இளவட்டங்களுக்கு ஓர் இங்கிலீஷ் படம் என்பது எழுதாத வரிசை. விடிவதற்குள் டெக்கைத் திருப்பித் தர வேண்டும். அதனால் ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற காட்சி வந்தால் “ஓட்டுடா, ஓட்டு” என்று குரல் எழும். திரையில் கோடுகள் விழ, வாய்கள் வேகமாக அசைய, பேச்சு முழுவதும் ஓடிப்போய்விடும். அந்த ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் பிடிபடாது என்பதால் யாரும் வருத்தப்படவில்லை. எஞ்சியவை: முட்டைகள் நிறைந்த குகை, முகத்தைக் கவ்விய பிராணி, மார்பைப் பிளந்துகொண்டு வந்த குட்டி, சங்கிலிகள் தொங்கும் கூடத்தில் சொட்டும் தண்ணீர், ஆரஞ்சு நிறப் பூனை, தனியே தப்பும் ஒரு பெண்.

அவை போதுமானவையாக இருந்தன. பல மாதங்கள் இருட்டில் கொல்லைப்புறம் போவதற்கே தயங்கினோம். அந்தப் பயத்தை இன்றும் நான் மதிக்கிறேன். பேய்ப் படத்தின் பயம் சுடுகாட்டைத் தாண்டியதும் தீர்ந்துவிடும். இந்தப் பயம் சொந்த உடம்புக்குள் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனிதனின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒன்று வெளியே வருகிறது என்றால் ஓடுவதற்கு எந்த இடமும் இல்லை. 1978இல் லண்டனுக்கு அருகே ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் அந்தக் காட்சியை எடுத்தபோது, ஏதோ வெளியே வரப்போகிறது என்பது நடிகர்களுக்குத் தெரியும்; இத்தனை ரத்தம் பீய்ச்சியடிக்கும் என்பது தெரியாது. நடிகை வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் நாம் பார்க்கும் அதிர்ச்சி பெரும்பகுதி உண்மையானது. கசாப்புக் கடையிலிருந்து வாங்கிய குடலும் ஈரலும்தான் அந்த மார்புக்குள் வைக்கப்பட்டிருந்தன.

பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனேன். பழைய இரும்பை உருக்கிக் கம்பிக்கு வேண்டிய பில்லெட் வார்க்கும் ஆலை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், புறநகர் ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வரும் ஊர் இது. எண்பதுகளில் சிப்காட் வந்தபின் உருக்காலைகளும் ரோலிங் மில்களும் ரசாயன ஆலைகளும் இங்கே நெருங்கி நின்றன. ஷிப்ட் பார்த்தே என் நடுவயது கழிந்தது. இப்போது, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஒரு தம்பியோடு சேர்ந்து, வார விடுமுறை நாளொன்றில் ‘ஏலியன்’ படத்தை முழுதாக, ஓட்டாமல், ஆங்கில வரிகளைக் கீழே படித்துக்கொண்டே பார்த்தேன். அவன் டிப்ளமோ முடித்துவிட்டு ஓர் ஆலையில் காண்ட்ராக்டில் ஹெல்ப்பராக இருக்கிறான். என்னைவிட வேகமாக வரிகளைப் படித்தான். போனஸ் பேச்சு வந்ததும் படத்தை நிறுத்தினான்.

“அண்ணா, இந்த ரெண்டு பேரும் காண்ட்ராக்ட்டா?”

“ஏம்பா கேக்குற?”

“மத்தவங்கள மாதிரிதான் வேலை செய்யறாங்க. அவங்களுக்கு மட்டும் பங்கு கம்மின்னா வேற என்ன?”

கும்மிடிப்பூண்டியில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. ஒரே உலைக்கு முன்னால், ஒரே வெப்பத்தில், ஒரே கசடை வழிக்கும் இரண்டு பேரில் ஒருவர் பெர்மனென்ட், இன்னொருவர் காண்ட்ராக்ட். அடையாள அட்டையின் நிறத்தில் தொடங்கும் வேறுபாடு சம்பளத்தில் பெரிதாகும். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20 விழுக்காடு என்று வரையறுத்தது. மாதம் 21,000 ரூபாய்வரை வாங்கி, ஆண்டில் 30 நாளாவது வேலை செய்தவருக்கு அந்தச் சட்டப்படி உரிமை இருந்தது; காண்ட்ராக்ட் ஆளுக்கும்தான். தீபாவளி நெருங்கும்போது ஆலை வாசல்களில் நடக்கும் கேட் மீட்டிங்குகளில் பேச்சு எல்லாம் இந்த இரண்டு விழுக்காடுகளுக்கு நடுவேதான். நிறுவனத்தின் நிரந்தர ஆள் 20க்குப் போராடுவார். காண்ட்ராக்ட் ஆள் 8.33ஐ எந்த மேஸ்திரியிடம் கேட்பது என்று தேடிக்கொண்டிருப்பார். பார்க்கரும் பிரெட்டும் நிற்கும் இடம் அதுதான். பின்னால் ஒரு காட்சியில், நீராவி இரைச்சலுக்கு நடுவே, பங்கு கிடைக்குமா என்று அவர்கள், கடைசியில் தனியே தப்பும் பெண்ணான ரிப்ளியிடம் கேட்கிறார்கள். சட்டப்படி உங்களுக்குப் பங்கு உண்டு என்கிறாள் அவள். சட்டத்தைச் சொல்லி வாயை அடைப்பது அங்கேயும் உண்டு என்பதைப் பார்த்துத் தம்பி தலையை ஆட்டினான்.

அடுத்து நடப்பதையும் நாங்கள் அந்நாளில் ஓட்டிவிட்டிருந்தோம். கப்பல் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது. யாரோ அனுப்பும் சமிக்ஞை ஒன்று கிடைத்ததால் ‘மதர்’ என்று அவர்கள் கூப்பிடும் கணினி எல்லோரையும் இடையிலேயே எழுப்பிவிட்டிருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும் என்கிறான் கேப்டன். இது சரக்குக் கப்பல், மீட்புக் கப்பல் இல்லை, அது என் வேலை இல்லை என்கிறான் பார்க்கர். அப்போது அறிவியல் அதிகாரி ஆஷ் ஒப்பந்தத்தின் ஷரத்தை எடுத்துச் சொல்கிறான்: அறிவுள்ள உயிர் அனுப்பியதாகத் தோன்றும் எந்தச் சமிக்ஞையையும் விசாரித்தே ஆக வேண்டும்; மறுத்தால் மொத்தப் பங்கும் போய்விடும். பார்க்கரின் எதிர்ப்பு அதோடு அடங்கிவிடுகிறது. கையெழுத்துப் போடும்போது யாரும் படித்துக்காட்டாத ஒரு வரி, ஏழு பேரையும் முன்பின் தெரியாத கோளில் இறக்குகிறது.

படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட் இங்கிலாந்தின் வடகிழக்கில் சவுத் ஷீல்ட்ஸில் பிறந்தவர். வெஸ்ட் ஹார்ட்டில்பூலில் ஓவியக் கல்லூரிக்குப் போனவர். கப்பல் கட்டும் தளங்களும் எஃகு ஆலைகளும் இரவில் எரியும் புகைபோக்கிகளும் உள்ள கரை அது. நாஸ்ட்ரோமோவைப் பார்க்கும்போது அந்தக் கரையில் வளர்ந்த கண் தெரிகிறது. அதற்கு முன்வந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் கப்பல் பளபளவென்று மருத்துவமனை அறைபோல இருக்கும். இது அழுக்கானது. குழாய்களில் எண்ணெய் வழிகிறது. தரை நனைந்திருக்கிறது. அது இழுத்துக்கொண்டு போவது ஒரு சுத்திகரிப்பு ஆலையை. அதில் இரண்டு கோடி டன் தாதுப் பொருள். கலை இயக்குநர்களில் ஒருவரான ரோஜர் கிறிஸ்டியன், கழித்துப் போட்ட விமான உதிரிகளையும் இன்ஜின் துண்டுகளையும் எடைக்கு வாங்கி வந்து கப்பலின் உட்சுவர்களை அமைத்தார். ஸ்கிராப்பில் பிறந்த கப்பல் அது. ஸ்கிராப்பில் பிழைக்கும் ஊர்க்காரனுக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி என்பதை எழுதிக் காட்டுவது கடினம். சங்கிலிகள் தொங்கும் அந்தக் கூடத்தில் பூனையைத் தேடிப்போகும் பிரெட், மேலேயிருந்து சொட்டும் தண்ணீரில் தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டுகிறான். சிறுவயதில் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இம்முறை, வெக்கையில் எட்டு மணி நேரம் நின்றவன் தண்ணீரைக் கண்டால் செய்வதைத்தான் அவன் செய்கிறான் என்று தோன்றியது. நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் அதை அவ்வளவு நிதானமாகச் செய்கிறார்.

படத்தின் திருப்புமுனை என்று எல்லோரும் சொல்வது மார்பைப் பிளக்கும் காட்சியை. என் கணக்கில் அது கதவுக் காட்சி. கோளில் இறங்கிய கேனின் முகத்தில் பிராணி ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு டாலஸும் லாம்பர்ட்டும் வாசலுக்கு வருகிறார்கள். உள்ளே பொறுப்பில் இருப்பவள் ரிப்ளி. 24 மணி நேரம் தனிமைப்படுத்தல் விதி இருக்கிறது, கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். கேப்டன் கட்டளையிடுகிறான். மறுக்கிறாள். ஆஷ் பொத்தானை அழுத்தித் திறந்துவிடுகிறான்.

அந்த ராத்திரி டெக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் ஆஷ் பக்கம். பேச்சு புரியாவிட்டாலும் நண்பன் சாகக் கிடக்கும்போது கதவைப் பூட்டி வைத்த பெண் என்பது புரிந்தது; அவளைத் திட்டினோம். ஆலையில் வேலை பார்த்தவன் அந்தக் காட்சியில் யார் பக்கம் நிற்பான் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. விதி என்பது தொழிலாளிக்குத் தடையாகத் தெரியும். பெரும்பாலான நேரம் அவன் உயிருக்கு இருக்கும் ஒரே காவலும் அதுதான். அதை வளைக்கும் அதிகாரம் அவனிடம் ஒருபோதும் இருப்பதில்லை. வளைப்பவர் வேறொரு அறையில் இருப்பார்.

இண்டக்‌ஷன் ஃபர்னஸ், அதாவது எங்கள் ஆலையில் எஃகை உருக்கும் உலை, ஒரு பெரிய மூசை. சுற்றிலும் செம்புக் குழாய்ச் சுருள். குழாய்க்குள் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும். நடுவில் 1,600 டிகிரி செல்சியஸை நெருங்கும் திரவ எஃகு. அந்தத் தண்ணீருக்கும் இந்த எஃகுக்கும் நடுவே இருப்பது ஒரு சாணுக்கும் குறைந்த லைனிங். மேலேயிருந்து ஸ்கிராப்பைச் சார்ஜ் செய்வார்கள். அந்த ஸ்கிராப்பில் ஈரம் இருந்தால், மழையில் நனைந்த பண்டலின் உள்மடிப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கியிருந்தால் போதும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். உருகிய எஃகுக்கு அடியில் அது நடந்தால் உலையில் உள்ளது அத்தனையும் மேலே எழும். மூடிய சிலிண்டரும் ஷாக் அப்சார்பரும் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் ஸ்கிராப் யார்டில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நனைந்ததைக் காய வைக்க வேண்டும். மூடிய உருளையை வெட்டித் திறக்க வேண்டும். இது எங்கள் தனிமைப்படுத்தல் விதி. ஒரு ஹீட் உருக்கத் தாமதமாகிறது, மின்சாரக் கட்டணம் ஏறுகிறது, லாரி காத்திருக்கிறது என்று யாராவது மேலேயிருந்து சொல்லும்போது அந்த விதி முதலில் தளரும்.

கப்பல் ஏறி வரும் பழைய இரும்புக்குள் என்ன இருக்கிறது என்பதை அதை உருக்குகிறவன் அறியமாட்டான். 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே ஓர் ஆலையில், இறக்குமதியான ஸ்கிராப்பில் கலந்திருந்த போர்க் குண்டுகள் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 வந்து சேர்ந்தது. ஒரு பல்கலைக்கழகம் ஆய்வகத்துக் கருவியை ஏலத்தில் விட்டிருந்தது. வாங்கியவர்கள் உடைத்துப் பிரித்தார்கள். கதிர்வீச்சில் ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். வெளிச்சமில்லை, வாசனையில்லை, சத்தமில்லை. உள்ளே இருப்பது தெரிந்த இடத்திலிருந்து தெரியாத கைக்கு அது வந்தது. மாயாபுரிச் செய்தியைப் படித்த அன்றே எனக்கு அந்த கேசட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, கேனின் முகத்தில் பிராணியைப் பார்த்த பிறகுதான்.

படத்தில் இதைச் சரியாகப் புரிந்துகொள்பவன் பார்க்கர். கேனை உறைநிலையில் போட்டுவிடலாமே, ஏன் போடவில்லை என்று அவன் கேட்கிறான். அதற்கு ஒருவரும் பதில் சொல்வதில்லை. ஓர் உயிரையும் இழக்காமல் படம் முடிந்திருக்கக்கூடிய யோசனை அது. சொன்னவன் இன்ஜின் ரூம் ஆள் என்பதால் மேசையில் அது விழுந்த இடத்திலேயே கிடந்துவிடுகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தச் சில விநாடிதான். ஆலைகளில் விபத்து நடந்த மறுநாள் விசாரித்தால், முதல் நாளே யாரோ ஒரு ஹெல்ப்பர் ‘சத்தம் சரியில்லை’ என்று சொல்லியிருப்பார்.

டான் ஓ’பானன் எழுதிய மூலத் திரைக்கதையில் ஆஷ் என்ற பாத்திரமே இல்லை. வால்டர் ஹில், டேவிட் கைலர் இருவரும் திருத்தி எழுதியபோது அவனைச் சேர்த்தார்கள். மூல ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு, அந்தச் சேர்க்கை இல்லையென்றால் இந்தப் படம் இருட்டில் பதுங்கிய பூதக் கதை என்ற அளவில் நின்றிருக்கும். கேப்டன் செத்த பிறகே மதரின் அறைக்குள் நுழையும் உரிமை ரிப்ளிக்குக் கிடைக்கிறது. உள்ளே போய்க் கேட்கிறாள். 937ஆம் எண் சிறப்பு உத்தரவு திரையில் எழுத்தாக ஓடுகிறது: உயிரினத்தைக் கொண்டுவருவதே முதல் கடமை, மற்றவை எல்லாம் அடுத்து, ஆட்கள் போனாலும் பரவாயில்லை. ஆஷ் மனிதனே இல்லை, நிறுவனம் ஏற்றி அனுப்பிய இயந்திரம் என்பது பிறகு தெரிகிறது. கப்பல் புறப்பட இரண்டே நாள் இருக்கும்போது பழைய அறிவியல் அதிகாரியை மாற்றிவிட்டு அவனைப் போட்டார்கள் என்று டாலஸ் முன்பே போகிறபோக்கில் சொல்லியிருக்கிறான். தலைமை அலுவலகத்திலிருந்து திடீரென்று வரும் ஆளைப் பற்றித் தொழிலாளர்களுக்கு இயல்பாகவே ஒரு கூச்சம் உண்டு. டாலஸுக்கு அது வரவில்லை. வந்திருக்க வேண்டிய இடத்தில் அவன் அதிகாரி.

சிறுவயதில் அந்த அறைக் காட்சியையும் ஓட்டிவிட்டோம். பச்சை எழுத்து மின்னும் திரையை ஒரு பெண் படித்துக்கொண்டிருப்பதில் எங்களுக்கு என்ன கிடைக்கும்? இப்போது உடம்பு சில்லிட்டது அங்கேதான். உயிரினத்துக்கு இவர்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. பிழைக்கிறது, பெருகுகிறது. முதல் பொத்தானை அழுத்தியவன், கடைசிவரை என்ன நடக்கப்போகிறது என்பதைத் தெரிந்துகொண்டே அழுத்தினான். மர்மம் என்று நாம் இந்தப் படத்தில் அனுபவிப்பது, வேலை செய்கிறவர்களிடமிருந்து மறைக்கப்பட்ட ஒரு தகவல். அதை முன்பே சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்காது.

எங்கள் பக்கத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் மக்கள் மூச்சுத் திணறி எழுந்தார்கள். கப்பலிலிருந்து ஆலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியவர்களில் பலருக்கு முதல் எச்சரிக்கை அந்த நெடிதான். குழாய் அவர்கள் வலை விரிக்கும் கடலுக்கடியில் கிடக்கிறது. அழுத்தம், அளவு, வால்வு எல்லாம் தெரிந்த கட்டுப்பாட்டு அறை வேறொரு மதிலுக்குள் இருக்கிறது. மீஞ்சூரைத் தாண்டி ரயில் போகும்போது தெரியும் கோபுரங்களையும் குழாய்களையும் முன்பெல்லாம் நான் வளர்ச்சி என்று எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமை முழுதும் போய்விடவில்லை. ஆயிரக்கணக்கான அடுப்புகள் அவற்றால் எரிகின்றன. ஆனால் ஒவ்வொரு மதிலுக்குள்ளும் ஒரு மதர் அறை இருக்கிறது, அதன் சாவி யாரிடம் என்ற கேள்வியும் இப்போது கூடவே எழுகிறது.

தமிழுக்கு வேற்றுக்கிரகக் கதை புதிதல்ல. ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ 1963லேயே வந்துவிட்டது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. அதில் வேறு கோளிலிருந்து வருகிறவர்களுக்கு நம்மிடம் வேண்டியது சங்கீதம். தங்கள் மக்களுக்குக் கற்றுத்தர ஒரு பாடகியைத் தூக்கிப் போகிறார்கள். நம் பாட்டுக்காக வானத்திலிருந்து ஆள் வரும் என்று நம்பிய அந்தக் கற்பனையில் ஓர் அழகான தன்னம்பிக்கை இருக்கிறது. 16 ஆண்டுகளுக்குப் பின் வெளியான ‘ஏலியன்’ படத்தில், வருகிற உயிருக்கு நம்மிடம் வேண்டியது உடம்பு மட்டும். அந்த உயிரைக் கேட்கிற நிறுவனத்துக்கு வேண்டியது ஆயுதப் பிரிவுக்கு ஒரு மாதிரி. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் இந்த வரிசையில் பார்ப்பது நல்லது.

‘ஏலியன்’ அமெரிக்காவில் வெளியானது 1979 மே 25. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, எங்கள் பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தார்கள். விண்வெளி எங்களுக்குப் படத்தில் மட்டும் இருந்த ஒன்றல்ல. கும்மிடிப்பூண்டியில் மொட்டை மாடிக்கு ஏறினால் ராக்கெட் போவதைப் பார்க்கலாம். 2023 ஜூலை 14 மதியம் சந்திரயான்-3 ஏறியபோது சாலையோரம் நின்று தலையை அண்ணாந்தவர்களில் ஆலைச் சீருடைகள் நிறைய. எனக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்வதில் தயக்கம் இல்லை.

கூடவே தெரிந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. ஸ்ரீஹரிகோட்டா தீவில் காலங்காலமாக வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர், ஏவுதளம் வந்தபோது இடம்பெயர்க்கப்பட்டார்கள். விண்ணுக்குப் போகும் எந்தக் கப்பலும் ஏதோ ஒரு கரையில் வாழ்கிறவர்கள் ஒதுங்கிக் கொடுத்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. நாட்டுக்குத் தேவை என்றால் அவர்களிடம் நேராகச் சொல்லி, நியாயமான ஈடு கொடுத்து, பெயர்களைப் பதிவேட்டில் வைத்துச் செய்யலாம். கேட்காமலே கணக்கில் கழித்துவிடவும் செய்யலாம். 937ஆம் எண் உத்தரவு இரண்டாவது வகை.

உயிரினமாக அந்த உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ. லண்டனில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய வரைகலை மாணவர். ஏழடிக்குச் சற்றே குறைவான உயரம். மெலிந்த நீண்ட கைகால்கள். சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர் வடிவமைத்த அந்த உடம்புக்கு ஏற்ற மனிதரைத் தேடியபோது மதுக்கடை ஒன்றில் கண்டுபிடித்தார்கள். அவர் நடித்த ஒரே படம் அது. உலகமே பயந்த அந்த உருவத்தில் அவர் முகம் எங்கும் தெரியாது. திரையில் உயிரினம் தோன்றுவது மொத்தமும் சில நிமிடம். மீதி நேரமெல்லாம் அது எங்கோ குழாய்களுக்குப் பின்னால் இருப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். கூட்டத்தில் பெயர் தெரியாமல் உழைத்துவிட்டுப் போகிறவர்களை நினைக்கும்போது அவரையும் நினைக்கிறேன்.

பார்க்கரின் சாவைத் தம்பி இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். கையில் தீ உமிழும் கருவி இருக்கிறது. அழுத்தினால் உயிரினம் எரியும். ஆனால் நடுவில் லாம்பர்ட் பயத்தில் உறைந்து நிற்கிறாள். விலகு, விலகு என்று கத்துகிறான். அவள் நகரவில்லை. கருவியை உபயோகிக்காமல் வெறுமனே அதன் மேல் பாய்கிறான். படம் முழுக்கப் பங்கு, பங்கு என்று கேட்டவன், கூட வேலை பார்க்கிறவளைச் சுட்டுவிட்டுத் தப்பிக்க மனமில்லாமல் சாகிறான். பார்க்கராக நடித்த யாஃபெட் கோட்டோவின் முகத்தில் அந்தக் கணத்தில் ஒரு தயக்கமும் இல்லை. ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்ற உத்தரவுக்கு இந்தப் படம் தரும் பதில் அது என்று நான் வாசிக்கிறேன். ரிப்ளியின் வெற்றியைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தப்பிய ரிப்ளி, சிறு ஓடத்தில் உட்கார்ந்து தன் கடைசி அறிக்கையைப் பதிவு செய்கிறாள். செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். ஆஷின் பெயரையும் விடவில்லை. சரக்கும் கப்பலும் அழிந்தன என்பது அதற்கு அடுத்த வாக்கியம். ஆலை அறிக்கைகளில் நான் பார்த்த வரிசை இதற்கு நேர்மாறு: உற்பத்தி இழப்பு, இயந்திரச் சேதம், மீண்டும் ஓடத் தொடங்கும் தேதி, கடைசியில் ஆள்.

“இதோட முடிஞ்சிதா அண்ணா?” என்றான் தம்பி.

1986இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாம் படம் இருக்கிறது என்றேன். அதை எங்கள் காலத்தில் துப்பாக்கிச் சண்டைக்காகவே பார்த்தோம். அதன் தொடக்கத்தையும் வழக்கம்போல ஓட்டிவிட்டோம். 57 ஆண்டு உறங்கிவிட்டு ரிப்ளி கரை சேர்கிறாள். நிறுவனம் அவளை ஒரு மேசைக்கு முன் உட்கார வைத்து விசாரிக்கிறது. பின்னால் திரையில் செத்தவர்களின் கோப்புகள் படத்தோடு வந்து வந்து போகின்றன. மேசையில் இருப்பவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கப்பலின் விலை 4 கோடியே 20 லட்சம் டாலர், சரக்கைச் சேர்க்காமல், என்று எடுத்துச் சொல்லுகிறார்கள். ஏன் வெடிக்க வைத்தாய் என்று கேட்கிறார்கள். அவள் சொல்வதை நம்பாமல் அவளுடைய அதிகாரி உரிமத்தைக் காலவரையின்றி நிறுத்திவைக்கிறார்கள்.

“என்கொயரி வச்சிட்டானுங்களா அவளுக்கே?” என்றவன், மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றும் பார்க்காமல் அதையும் போடச் சொன்னான்.